பிடதியில் பிறந்த இரட்டையர்: கார் வாங்கக் காத்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி வட்டாரத்தில் இந்த ஆண்டு குடும்பத்துக்கு ஹைப்ரிட் கார் வாங்க நினைத்திருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு,



பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் மையத்தில் இந்த முறை அகவிலைப்படியைவிட அதிகம் பேசப்பட்டது கார்தான். டிபன் டப்பாவைத் திறக்கும் முன்பே டொயோட்டா ஹைரைடர் கட்சி ஒரு பெஞ்சிலும் மாருதி கிராண்ட் விட்டாரா கட்சி எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்துவிடும். "டீச்சர், நீங்கதான் ஹைப்ரிட் வச்சிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிருங்க" என்று என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. கைகழுவும் குழாயடியில் நின்று பாதி சொல்லி, மணி அடித்ததும் விட்டுவிட்டு ஓடியதை முழுதாகச் சொல்லிவிடத்தான் இந்த மடல். இருபது லட்சத்தைத் தொடும் செலவு இது. நம்மில் பலருக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாளில் செய்யும் பெரிய செலவும் இதுதான்.

நான் ஓட்டுவது இரண்டில் எது என்று சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மீதியைப் படிக்காமல் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவீர்கள்.

முதலில் இந்தக் கட்சிச் சண்டையை முடித்துவிடலாம். இரண்டு வண்டியும் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலையில் உருவானவை. வண்டியை வடிவமைத்தது சுசுகி. முழு ஹைப்ரிட் வகைக்குள் இருக்கும் இயக்க அமைப்பு டொயோட்டாவுடையது. 2022 செப்டம்பரில் இரண்டும் சில வார இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. முழு ஹைப்ரிட்டில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின், 0.76 கிலோவாட் மணி லித்தியம் அயனி பேட்டரி, 45 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற அரசுச் சோதனைக் கணக்கு: எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் இரண்டிலும் 2,600 மில்லிமீட்டர். நீளத்தில் மட்டும் ஹைரைடர் 20 மில்லிமீட்டர் கூடுதல். அது பம்பரின் வேலை. "எனக்கு டொயோட்டா என்ஜின்தான் வேணும், அதனால ஹைரைடர்" என்று அடித்துப் பேசிய தமிழாசிரியர் ஐயா இதைக் கவனிக்க வேண்டும். முழு ஹைப்ரிட் கிராண்ட் விட்டாராவை வாங்கினாலும் உங்களுக்கு வருவது அதே டொயோட்டா என்ஜின்தான்.

உத்தரவாதமும் ஒன்றாகிவிட்டது. டொயோட்டா 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் தந்துகொண்டிருந்தது. மாருதி 2024 ஜூலையிலிருந்து அதே அளவுக்கு வந்தது. ஹைப்ரிட் பேட்டரிக்கு இருவருமே 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறார்கள், எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஆறு ஏர்பேக்கும் 2025-லிருந்து இரண்டிலும் எல்லா வகைக்கும் உண்டு. ஆகவே தலைமையாசிரியர் அறைவரை போன அந்த விவாதத்தில் வண்டியளவில் மிஞ்சுவது முகப்பு, உள்ளே இருக்கையின் நிறம், ஸ்டீயரிங்கில் உள்ள சின்னம். இவற்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது 'ஹைப்ரிட்' என்ற சொல்லில்.

இந்த இரண்டு வண்டியிலும் இரண்டு விதமான ஹைப்ரிட் உண்டு. ஒன்று முழு ஹைப்ரிட், 'ஸ்ட்ராங்' ஹைப்ரிட் என்பதும் இதைத்தான். மற்றது மைல்டு ஹைப்ரிட். அதை மாருதி 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்கிறது, டொயோட்டா 'நியோ டிரைவ்' என்கிறது. மைல்டு வகையில் இருப்பது சுசுகியின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதோடு பெல்ட்டில் இணைந்த ஒரு சிறு மோட்டார், கிளம்பும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அந்த மோட்டாரால் வண்டியைத் தனியாக ஓர் அடிகூட நகர்த்த முடியாது. நல்ல என்ஜின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் பள்ளி வேதியியல் ஆசிரியை 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, சிக்னலில் சத்தமில்லாமல் கிளம்பும் வண்டி இதுதான் என்று எண்ணி முன்பணம் கட்டிவிட்டார். சோதனை ஓட்டம்கூடப் போகவில்லை. ரசீதில் இருந்த வகைப் பெயரை நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அன்று மாலை அவர் முகம் வாடியதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் வகைப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். 'ஸ்ட்ராங்' ஹைப்ரிட் என்று எழுத்தில் வாங்குங்கள். சோதனை ஓட்டத்தில், நின்ற இடத்திலிருந்து வண்டி என்ஜின் சத்தமே இல்லாமல் பத்து மீட்டராவது நகர்கிறதா என்று பாருங்கள்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழு ஹைப்ரிட்டில் கிளட்ச் கிடையாது. நாம் பழகிய பற்சக்கரப் பெட்டியும் கிடையாது. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். என்ஜினும் இரண்டு மின் எந்திரங்களும் இந்தக் குடும்பத்தில் கைகோத்திருக்கின்றன. யார் எவ்வளவு இழுப்பது என்பதைக் கணினி நொடிக்கு நொடி பார்த்துக்கொள்கிறது. டொயோட்டா இந்த ஏற்பாட்டை 1997-ல் ஜப்பானில் பிரியஸ் காரில் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டாகச் சாலையில் ஓடித் தேறிய பொறி. என்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுகிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1880-களில் கண்ட யோசனை அது. வாயு விரியும் தூரம், அதை அழுத்தும் தூரத்தைவிட அதிகம். ஆகவே அதே பெட்ரோலில் வேலை கூடுதல். ஆனால் கிளம்பும்போது இழுவை குறைவு. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. என்ஜினின் 92 குதிரைத்திறனையும் மோட்டாரின் 80-ஐயும் கூட்டி 172 என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இராது, பேட்டரியும் அவ்வளவு தராது. சேர்ந்த கணக்கு 115-தான்.

பேட்டரி எவ்வளவு சின்னது என்பதை நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொல்கிறேன். 0.76 கிலோவாட் மணி என்றால் முக்கால் யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை முக்கால் மணி நேரம் போட்டால் தீர்ந்துபோகும். இதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலையும், என்ஜினின் உபரியையும் பிடித்துவைத்து அடுத்த நிமிடமே செலவழிக்கும் சிறு உண்டியல் இது.

போன மே மாதம் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். நாங்கள் ஐந்து பேர், மூட்டை முடிச்சு, வண்டி எல்லாம் சேர்த்து 1,600 கிலோ என்று வையுங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அடிவாரம் வரை 1,800 மீட்டர் இறக்கம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏழரை யூனிட்டுக்கு மேல் வருகிறது. உண்டியலோ முக்கால் யூனிட். முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரிப் படத்தில் கோடுகள் நிரம்பிவிட்டன. அதன் பிறகு மோட்டார் ஆற்றலைப் பிடித்துவைக்க இடமில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த என் மகள், "அம்மா, என்ஜின் தானா உறுமுது" என்று பயந்தாள். லீவரை 'பி' என்ற இடத்துக்குத் தள்ளியிருந்தேன். அந்த நிலையில் என்ஜின் பெட்ரோல் இல்லாமலே சுழன்று வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. இதைத் தெரியாமல் 'டி'-யிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினால் பிரேக் சூடேறும். குற்றாலத்தோடு நிற்பவர்களுக்குக் கவலையில்லை. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கும், கொடைக்கும் ஊட்டிக்கும் போகிறவர்கள் இந்த 'பி'-யை முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு. இதில்தான் நான் உங்களிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும்.

பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பதினோரு மாதத்தில் 14,200 கிலோமீட்டர், 640 லிட்டர். லிட்டருக்கு 22. பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் என்று நின்று நின்று போகும் ஓட்டத்தில் 24-ஐத் தாண்டியது. மதுரை நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது 19-க்கு இறங்கியது. சாதாரணக் காருக்கு நேர்மாறான நடத்தை இது. பிரேக் பிடித்தால்தானே உண்டியலில் காசு விழும். என் மைத்துனரின் மைல்டு ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் இதே சாலைகளில் 15 தருகிறது.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 15-ல் 800 லிட்டர் ஆகும். 22-ல் 545 லிட்டர் போதும். மிச்சம் 255 லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் விற்கும் இன்று 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதல். நான் விலைப்பட்டியல் வாங்கியபோது ஒத்த வசதியுள்ள மைல்டு வகைக்கும் முழு ஹைப்ரிட்டுக்கும் வரியெல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வித்தியாசம். அதை மீட்கப் பத்து ஆண்டு. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஐந்தே ஆண்டு. ஆகவே வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் தினமும் மூன்று பேராகச் சேர்ந்து போய்வரும் தோழர்கள் தயங்காமல் முழு ஹைப்ரிட் வாங்கலாம். பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய், காரை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் மாதம் ஒரு கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவர்கள் பெட்ரோலை மிச்சப்படுத்த என்று சொல்லி இதை வாங்கக் கூடாது. அமைதியான ஓட்டம் பிடித்திருக்கிறது, கியர் மாற்றி மாற்றி முட்டி வலிக்கிறது என்றால் அது நியாயமான காரணம். அதற்காக வாங்குங்கள். ஆனால் அதற்காக வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க வேண்டாம்.

வரியையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் இந்த அளவு கார்களுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு; மின்கார்களுக்கு 5. உத்தரப் பிரதேசம் 2024-ல் முழு ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு, அதற்கு மேல் 20. 18 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 3,24,000. ஷோரூம் விலையை வைத்துக் கடன் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு கம்பெனியிலும் சாலைக்கு வரும் கடைசி விலையை, காப்பீடு தனியாகப் பிரித்துக்காட்டி, தாளில் வாங்குங்கள். காப்பீட்டை வெளியிலும் விசாரிக்கலாம், அது உங்கள் உரிமை.

டிக்கியைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். பேட்டரி டிக்கிப் பக்கம் உட்காருவதால் முழு ஹைப்ரிட்டில் சாமான் இடம் கணிசமாகக் குறைகிறது. மைல்டில் 373 லிட்டர் என்றால், இதில் அதைவிட நூறு லிட்டருக்கு மேல் குறைவு. தரையும் உயர்ந்துவிடுகிறது. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு மடக்குச் சக்கர நாற்காலி இல்லாமல் எங்கும் போவதில்லை. வாங்கும் முன் அந்த நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். நேராக வைத்தால் மூடி அடைக்கவில்லை. சாய்த்து, கால் பலகைகளைக் கழற்றி, சக்கரத்தை இடப்பக்கம் திருப்பியதும் அடைந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு துணிப்பை வைக்கத்தான் இடம் மிஞ்சியது. மாமனாரைப் பின்னிருக்கையில் ஏற்றி இறக்கியும் பார்த்தோம். இருக்கையின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது, குனியாமல் ஏறினார். எங்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் முடிவு ஆனது. உங்கள் வீட்டில் எது தவறாமல் பயணம் செய்யுமோ, குழந்தையின் தள்ளுவண்டியோ ஆர்மோனியப் பெட்டியோ, அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

பட்டறை விஷயத்தில் மாருதிக் கட்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாட்டிலேயே அதிகப் பணிமனைகள் அவர்களுக்குத்தான். ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க, கண்ணாடி மாற்ற அது பெரிய வசதி. ஆனால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஹைப்ரிட் வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கம்பியைத் தொடத் தெரிந்தவர் யார், அவர் லீவில் போனால் வண்டி எங்கே போகும் என்று கேளுங்கள். டொயோட்டா பக்கத்திலும் இதே கேள்விதான். தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் வாங்குங்கள். இரண்டு வண்டிக்கும் நடுவே உங்கள் முடிவைத் தீர்மானிக்கத் தகுதியுள்ள ஒரே வித்தியாசம் என்று நான் நினைப்பது இதுதான். பேட்டரி உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் சர்வீஸ் பதிவுகளும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நம் ஊருக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை, தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. தெருவெங்கும் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றதைப் பார்த்தோம். ஹைப்ரிட் வண்டி அப்படி மூழ்கினால் தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள், மூடியைத் திறந்து கையும் வைக்காதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள். காப்பீடு எடுக்கும்போது, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவில் மோட்டாரும் ஹைப்ரிட் பேட்டரியும் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். சில நூறு ரூபாயைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள்.

என் கவனக்குறைவால் கற்றது ஒன்றும் உண்டு. தங்கையின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருபத்தைந்து நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டது என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. போயிருந்தது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கணினியை எழுப்புவது அதுதான். அது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. வாரக்கணக்கில் நிறுத்தப்போவதானால், வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரிய அரை மணி நேரம் வைக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அமைதியைப் பற்றி ஆசிரியர்களாகிய நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை எட்டேமுக்காலுக்குப் பள்ளி வாசலில் வண்டி மோட்டாரில் மட்டும் ஊர்கிறது. பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை, முதுகுக்குப் பின்னால் வண்டி வருவதே தெரியாது. கிராண்ட் விட்டாராவின் முழு ஹைப்ரிட்டில் 2023-ல் பாதசாரிகளுக்கான எச்சரிக்கை ஒலி சேர்த்தார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் நம் பள்ளி வாசல் இரைச்சலில் அதை நம்ப முடியாது. நான் வாசலுக்கு ஐம்பது மீட்டர் முன்பே கண்ணாடியை இறக்கி, நடை வேகத்துக்கு வந்துவிடுகிறேன்.

2025-ல் மாருதி விக்டோரிஸ் என்று இதே பொறியமைப்போடு இன்னொன்றும் வந்திருக்கிறது. பாரத் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இரட்டையரோடு அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் வாங்கும்போது அது இல்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை.

வரும் சனிக்கிழமை மதியம் மையத்து வேப்பமரத்தடியில் என் வண்டி நிற்கும். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிவாருங்கள், பின்னிருக்கையில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். பெட்ரோல் நோட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்த ஓட்டத்தை அதே மாதிரி ஒரு மாதம் எழுதிவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் தோழி,
இயற்பியல் முதுகலை ஆசிரியை,
பாளையங்கோட்டை